கண்ணாடி உடையாத வரைக்கும்

பாப்பாவின் ஒரு செருப்பு பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது. அதைத் தேடித்தான் அம்மாக்காரியும் அவள் நாத்தனாரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பீரோவை இழுத்தார்கள். செருப்பு கிடைத்தது. சுவரில் ஒரு வெடிப்பும் இருந்தது. தரையிலிருந்து கிளம்பி, கோணல்மாணலாக ஏறி, பீரோவின் மேல் அடுக்கி வைத்திருந்த பெட்டிகளின் மறைவுக்குள் போயிருந்தது. பெட்டிகளை இறக்கினார்கள். அதற்கு மேலும் ஒரு முழம் போயிருந்தது.

"பல்லி ஓடின தடம் மாதிரி இருக்கு அண்ணி" என்றாள் நாத்தனார். சிரிக்கத்தான் சொன்னாள். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அந்த வரிசை வீடுகள் ஆலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டியவை. ஆலை மூடி, இடிந்து, அந்த இடத்தில் லாரி ஷெட் வந்துவிட்டது. வீடுகள் மட்டும் எஞ்சின் கழன்றுபோன ரயில் மாதிரி அப்படியே நின்றன. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். ஒரு வீட்டில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டில் கடிகாரம் விழும். மனஸ்தாபம் வந்தாலும் இருமலை மறைக்க முடியாது. இப்போது பெரிய சாலையில் பாலம் கட்டுகிறார்கள் என்று லாரிகளையெல்லாம் இந்தத் தெருவுக்குள் திருப்பி விட்டிருந்தார்கள். ஒவ்வொரு லாரி போகும்போதும் அடுக்களைத் தட்டுகள் தங்களுக்குள் பேசிக்கொண்டன.

கணவன் மாலையில் லேத் பட்டறையிலிருந்து வந்தவுடன் விரலால் வெடிப்பைத் தடவிப் பார்த்தான். பூச்சு வெடித்திருக்கிறது, அவ்வளவுதான் என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, இதைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்றான். அந்த வீடுகள் இப்போது யார் பேரில் இருக்கின்றன என்று அங்கே குடியிருக்கும் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒரு வீட்டில் வெடிப்பு என்று நகராட்சிக் காதுக்குப் போனாலும் மொத்த வரிசைக்கும் பூட்டுப் போட்டுவிடுவார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்த வரிசையில் வெடிப்பு என்ற வார்த்தையையே யாரும் சொல்வதில்லை. சுண்ணாம்பு அடிக்கிறோம் என்பார்கள். சம்பந்தமில்லாத மாதத்தில், ஒரே ஒரு சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பார்கள்.

ஆனாலும் எதிர்வீட்டுக் கொத்தனாரைக் கூப்பிட்டார்கள். அவருக்குத் தூக்குக்குண்டு என்று பேர். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற குண்டை நூலோடு சட்டைப்பையில் போட்டுக்கொண்டே திரிவார். சம்பள நாளன்று குண்டு மட்டும்தான் நேராகத் தொங்கும், ஆள் சாய்ந்திருப்பார் என்று தெருவில் சொல்வார்கள். அன்று நேராகத்தான் வந்தார். வெடிப்பின் மேல் காதை வைத்துக் கேட்டார். பிறகு ஒரு விரல் அகலக் கண்ணாடித் துண்டு ஒன்றை வெடிப்பின் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் வெள்ளைச் சாந்தை அப்பி ஒட்டினார். காயத்துக்குப் போட்ட பட்டை மாதிரி இருந்தது. கணவன் பீரோவைத் திரும்பத் தள்ளி வைத்த பிறகும் அது மேலே தெரிந்தது.

"சுவர் நகருதா, சும்மா கீறலான்னு நம்ம கண்ணுக்குத் தெரியாது தங்கச்சி. கண்ணாடிக்குத் தெரியும். அது வளையவும் வளையாது, நீளவும் நீளாது. சுவர் ஒரு நூல் நகர்ந்தாலும் படக்குனு போயிரும்" என்றார். "உடையாத வரைக்கும் நிம்மதியாத் தூங்குங்க. உடைஞ்சா யோசிக்காதீங்க. பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய வந்துருங்க. சட்டி பானையை அப்புறம் பாத்துக்கலாம்."

சுவரின் மறுபக்கம், பொத்தான் அக்கா வீட்டிலும் ஒரு கண்ணாடி ஒட்டினார். அந்த அக்கா வாளி வாளியாகப் பொத்தான்களை வாங்கி வந்து அட்டையில் கோத்துக் கொடுக்கிற வேலை செய்கிறவள். அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் சோறு இறங்கவில்லை என்று மறுநாளே அதன் மேல் ஒரு காலண்டரை மாட்டிவிட்டாள். அந்த வாரமே தூக்குக்குண்டு வெளியூரில் ஒரு கட்டட வேலைக்குப் போய்விட்டார்.

பாப்பாவின் அம்மாவுக்குச் சட்டைக் கம்பெனியில் செக்கிங் வேலை. தையல் விட்டிருந்தால், நூல் தொங்கினால், காலர் ஒரு பக்கம் ஏறியிருந்தால், அந்த இடத்தில் ஒரு சின்ன சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். நாள் முழுக்கக் குறை தேடிய கண் வீட்டுக்கு வந்தும் அடங்காது. இப்போது அந்தக் கண்ணுக்கு ஒரு கண்ணாடித் துண்டு கிடைத்துவிட்டது. காலையில் பல் துலக்குவதற்கு முன் அதைப் பார்த்தாள். வேலை முடிந்து வந்து பையை வைப்பதற்கு முன் பார்த்தாள். கண்ணாடி முழுசாக இருந்தது. அந்தச் சின்னத் துண்டுக்குள் எதிர் ஜன்னலின் வெளிச்சம் ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தது. அந்தக் கோடு நடுவில் முறியாமல் இருந்தால் அவளுக்கு அன்றைய மூச்சு வந்தது.

மற்றவை அவ்வளவு நல்லபடியாக இல்லை. பீரோவின் கதவு தானாகத் திறந்துகொண்டது. உள்ளே மடித்து வைத்த புடவைகளின் மடிப்பில் சன்னமாக மணல் இருந்தது. வாசல் கதவின் தாழ்ப்பாள் துளைக்குள் போக மறுத்தது. கணவன் பட்டறையிலிருந்து அரம் கொண்டுவந்து துளையை ராவிப் பெரிதாக்கினான். கொஞ்ச நாளில் மறுபடியும் ராவினான். மழை ஈரத்தில் மரம் உப்பியிருக்கிறது என்றான். மழை பெய்து வெகு நாளாகியிருந்தது. அவள் சுவரைப் பார்த்தாள். கண்ணாடிதான் முழுசாக இருக்கிறதே.

ஒரு காலையில் அந்த வெளிச்சக் கோடு முறிந்திருந்தது.

கணவன் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டிருந்தான். நாத்தனார் குளித்துக்கொண்டிருந்தாள். பாப்பா பீரோவுக்கு முன்னால் பாயில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் ஸ்டூலைப் போட்டு ஏறிக் கிட்டத்தில் பார்த்தாள். கண்ணாடி நடுவில் மயிரிழை போல இரண்டாகப் போயிருந்தது. யோசிக்காதீங்க என்று தூக்குக்குண்டு சொல்லியிருந்தார். அவள் யோசித்தாள். முந்தின நாள் பாப்பா பந்து விளையாடிக்கொண்டிருந்தது. பந்து பட்டிருக்கலாம். பட்டிருக்க வேண்டும். இதைச் சொன்னால் இவர் எங்கே போவார். போன வருஷம் பட்டறையில் ஆள் குறைத்தபோதே ராத்திரியெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனுஷன். நாத்தனாரை அவள் புருஷன் வீட்டார் இங்கே கொண்டுவந்து விட்டுப் போன பிறகு இரண்டாவது ஷிப்டும் சேர்த்துப் பார்க்கிறார். மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு எந்தத் தெருவில் போய் நிற்பார்.

கரண்டிக் காம்பால் சாந்தைச் சுரண்டினாள். அப்போதுதான் கவனித்தாள். அது சாந்தே இல்லை. தூக்குக்குண்டு ஒட்டியது வெள்ளை. இது சாம்பல் நிறத்தில், கல் மாதிரி இறுகி இருந்தது. பட்டறையில் குழாய்க் கசிவை அடைக்கிற பசை. மேலே மட்டும் சுண்ணாம்பு பூசியிருந்தது.

அவள் ஸ்டூலில் நின்றபடியே சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சுவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

இவர் ஏற்கெனவே ஒரு தடவை மாற்றியிருக்கிறார். மாற்றிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, பாப்பாவுக்குக் கதை சொல்லித் தூங்கவும் வைத்திருக்கிறார். தெரிந்தே நிம்மதியாக இருக்கிறார் என்றால் பயப்பட ஒன்றும் இருக்காது. விசாரித்திருப்பார். ஏதோ தெரிந்துதான் பேசாமல் இருக்கிறார். இப்படி நினைத்ததும் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. படச் சட்டம் ஒன்றின் கண்ணாடியில் ஒரு துண்டை உடைத்து எடுத்து, பரணில் மிச்சமிருந்த வெள்ளைச் சிமெண்டால் ஒட்டினாள். உடைக்கும்போது ஒரு மூலை கொஞ்சம் தெறித்துவிட்டது. நாத்தனார் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது அவள் ஸ்டூலை எடுத்து வைத்துவிட்டு டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சுவர் பக்கம் யாரும் பார்ப்பதில்லை. அல்லது, மற்றவர்கள் பார்க்காதபோது பார்த்தார்கள். அவள் அடுக்களையிலிருந்து திரும்பினால் கணவனின் முகம் அப்போதுதான் சுவரிலிருந்து இறங்கி வருகிற மாதிரி இருக்கும். நாத்தனார் கூலிக்குத் துணியில் அலங்காரக் கல் ஒட்டுகிற வேலையை ஜன்னலோரத்திலிருந்து வாசற்படிக்கு மாற்றிக்கொண்டாள். வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம். ஒரு நாள் சாப்பிடும்போது சுவருக்குள் ஏதோ உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் எலி என்றார்கள். பாப்பா மட்டும், எலி சுவருக்குள்ள எப்படிப் போகும் என்று கேட்டது. சாப்பிடு என்று மூன்று பேரும் அதட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். பாப்பா பீரோ ஓரம் பாயில் தூங்கியது. நாத்தனார் வாசற்படியில் கல் ஒட்டிக்கொண்டிருந்தாள். கணவன் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். சீப்போடு நிமிர்ந்தவள் கண்ணாடித் துண்டைப் பார்த்தாள். முழுசாகத்தான் இருந்தது. நான்கு மூலையும் முழுசாக இருந்தன.

அவள் ஒட்டியதில் ஒரு மூலை தெறித்திருந்தது.

சீப்பைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் ஏறினாள். இது வேறு கண்ணாடி. முனைகளில் பளபளவென்று ஒரு பசை காய்ந்திருந்தது. அதில் சிவப்புக் கல் ஒன்று, கடுகு அளவு, ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் ஒட்டியதும் உடைந்திருக்கிறது.

இறங்கி வந்து கணவனிடம், கண்ணாடியை மாற்றியது எப்போது என்று கேட்டாள். எந்தக் கண்ணாடி என்றான் அவன், செயினைவிட்டுக் கண்ணை எடுக்காமல். எண்ணெய் டப்பாவிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

"ஒரே ஒரு தடவைதான்" என்றான் கடைசியில். "பீரோவைத் திரும்பத் தள்ளி வச்சப்ப நான்தான் இடிச்சிருப்பேன்னு நெனச்சேன். உன்கிட்ட சொன்னா தூங்க மாட்டே."

"நானும் ஒரு தடவைதான்" என்றாள் அவள். "பாப்பா பந்து பட்டிருக்கும்னு நெனச்சேன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு இரண்டு பேரும் வாசற்படியைப் பார்த்தார்கள். நாத்தனாரின் கையில் பசை ட்யூப் அமுங்கி, வழிந்து, விரலெல்லாம் ஆகியிருந்தது.

"ஒட்டடை அடிச்சப்ப என் கைதான் பட்டுச்சோன்னு இருந்துச்சு அண்ணி. என்னை ஏன் முறைக்கிறீங்க. வீட்டை மாத்துறதுன்னு வந்தா, முதல்ல யாரை வேண்டாம்பாங்கன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். அவள் அழவில்லை. விரலில் ஒட்டிய கற்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு தடவைதான் தெரியும். சுவருக்குத்தான் மொத்தமும் தெரியும்.

அவள் செருப்புக்கூடப் போடாமல் பொத்தான் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, மடி நிறைய வெள்ளைப் பொத்தானோடு அட்டை கோத்துக்கொண்டிருந்தாள். காலண்டரை எடுக்கணும் அக்கா என்றாள் இவள். எதுக்கு என்று அக்கா கேட்கவில்லை. இவளே போய்க் காலண்டரைக் கழற்றினாள்.

கண்ணாடி இல்லை. இரண்டு சாந்துத் திட்டுகள் மட்டும் ஒன்றையொன்று விட்டு விலகி நின்றன. நடுவில் விரல் நுழைகிற இடைவெளி. அது கீழே இறங்க இறங்க அகன்று போயிற்று. அந்த அடிப்பகுதியை மறைத்து அக்கா பொத்தான் வாளிகளை அடுக்கியிருந்தாள்.

"எப்போ உடைஞ்சுது?"

"ஒட்டின நாலு நாளுல. உங்க பக்கத்துல நல்லாத்தானே இருக்குன்னு உன் நாத்தனாகிட்ட கேட்டேன். முழுசா இருக்குன்னா. அப்ப என் பக்கத்துப் பூச்சுதான் மட்டம்னு இருந்துட்டேன்டி."

இவள் வாளிகளை நகர்த்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். இருட்டு. பிறகு கண் பழகியது. சுவருக்குள் துருப்பிடித்த தகரம் தெரிந்தது. அதில் நீளமாக ஒரு நசுங்கல். வாங்கிக்கொண்டு வந்த அன்று வண்டியிலிருந்து இறக்கும்போது பட்ட நசுங்கல் அது. அவளுடைய பீரோவின் முதுகை அவள் பக்கத்து வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கணம், வாழ்கிற வீட்டை விட்டு எப்போதோ வெளியே வந்துவிட்டு மறந்துபோய் எட்டிப் பார்க்கிறவளைப் போல இருந்தது. இன்னும் தாழ்ந்து பார்த்தாள். பீரோவின் கால்களுக்கு நடுவே வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சத்தில், பாயின் ஓரத்தில், பாப்பாவின் கை விரல்கள் விரிந்து கிடந்தன.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெருவில் ஒரு லாரி போயிற்று. விரல்களின் மேல் மணல் உதிர்ந்தது.

அவள் கத்தவில்லை. கத்தினால் சுவருக்குக் கேட்டுவிடும் என்று தோன்றியது. அக்காவின் கையைப் பிடித்து எழுப்பினாள். மடியிலிருந்த பொத்தான்கள் தரையெங்கும் ஓடின. அக்காவை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டுத் தன் வீட்டுக்குள் போய், பாப்பாவைப் பாயோடு சேர்த்து வாரிக்கொண்டு வந்தாள். நாத்தனார் ஏற்கெனவே தெருவில் நின்றாள்.

அடுத்தடுத்த வீடுகளில் நாத்தனாரும் அக்காவும் போய்ச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை தூக்கம் கலைந்த எரிச்சலில் ஒருவர், ஆளைக் கிளப்பி நகராட்சி ஆபீஸ்காரனைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறீர்களா என்று ஏசினார். கடைசி வீட்டு ஆட்டோக்காரர் மட்டும் வாசலிலிருந்து திரும்பினார். உள்ளே போனார். சுவரில் மாட்டியிருந்த பெரிய கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அது மறைத்திருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மாவைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்தார். அதைப் பார்த்த பிறகு ஒவ்வொரு வீடாக ஆட்கள் இறங்கினார்கள். யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை.

கணவனை மட்டும் காணவில்லை.

அவள் பாப்பாவை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனாள். அவன் உள்ளே பீரோவின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். ஒரு தோளைப் பீரோவில் கொடுத்திருந்தான். அதை வெளியே எடுக்கப் பார்க்கிறானா, சுவருக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறானா என்று சொல்ல முடியவில்லை. வெளியே வாங்க என்றாள். இதோ வருகிறேன் என்றான். நகரவில்லை. வெளியே வந்து என்ன செய்வது, எங்கே போவது, அதைச் சொல் முதலில் என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. தாழ்ப்பாளை ராவும்போது இருந்த அதே குரல். தூக்குக்குண்டு வந்துவிடட்டும், ஒரு முட்டுக் கட்டை கொடுத்தால் நின்றுவிடும், இத்தனை வருஷம் நின்ற சுவர் இன்றைக்குத்தானா விழப்போகிறது என்று பேசிக்கொண்டே போனான்.

சுவரிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அரிசியைச் சாக்கிலிருந்து டப்பாவுக்கு மாற்றுகிற மாதிரி, மெதுவாக, நிற்காமல்.

பாப்பாவைச் சொல்லிக் கூப்பிடலாம். அவன் தங்கச்சியைச் சொல்லலாம். கோபப்படலாம். அவளுக்கு அதெல்லாம் நினைவுக்கு வந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வேறு ஒன்று வந்தது. இத்தனை நாளில் அந்த வீட்டில் யாருமே சொல்லாதது.

"எனக்குப் பயமா இருக்குங்க."

அவன் பேச்சை நிறுத்தினான். அவளைப் பார்த்தான். அவன் உதடு கோணிக்கொண்டது, சின்னப் பிள்ளைக்கு ஆவது போல.

"எனக்கும்தான்" என்றான். "முதல் நாள்லேருந்தே."

தோளைப் பீரோவிலிருந்து எடுத்தான். எடுத்ததும் பீரோ ஒரு தடவை முனகியது. அவள் கையை நீட்டினாள். அவன் அந்த அறையைக் கடந்து வந்த நேரம் அவளுக்கு அறையைவிடப் பெரிதாக இருந்தது. கை கிடைத்ததும் இழுத்தாள். இரண்டு பேரும் வாசற்படியில் தடுக்கித் தெருவில் விழுந்தார்கள்.

சுவர் பெரிய சத்தம் எதுவும் போடவில்லை. முழங்கால் மடங்குகிற மாதிரி நடுவில் மடங்கியது. இரண்டு வீட்டுக் கூரையும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டன. ஓடுகள் சரிந்து சரிந்து கடைசி ஓடு விழுகிறவரை யாரும் அசையவில்லை. பிறகு இரண்டு வாசல் வழியாகவும் ஒரே புழுதி வந்தது. தெருவில் நின்றவர்கள் எல்லோருடைய முகத்திலும் அது படிந்தது. பாப்பா இருமிக்கொண்டே, பீரோ எங்கே என்று கேட்டது.

புழுதி அடங்கியபோது உள்ளே தெரிந்தது. இரண்டு வீடும் ஒரே அறையாகியிருந்தன. செங்கற்களுக்கு நடுவே வெள்ளைப் பொத்தான்கள் கிடந்தன. பீரோ மண்டியிட்டுக் கிடந்தது.

யாரோ தெருமுனைக்கு ஓடி, வந்துகொண்டிருந்த லாரியை இரண்டு கையாலும் மறித்தார்கள். டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டித் திட்ட ஆரம்பித்தார். தெருவில் இருந்த முகங்களைப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தார்.

எஞ்சின் அடங்கியதும் தெரு முழுக்க அமைதியாகிவிட்டது. அவள் கணவனின் கையை விடவில்லை. எல்லோரும் இப்போது விழுந்த வீட்டைப் பார்க்கவில்லை. விழாமல் நின்ற மற்ற வீடுகளைப் பார்த்தார்கள். வாசல்கள் திறந்தே கிடந்தன. ஒரு வீட்டில் அடுப்பில் வைத்தது கருகுகிற வாசனை வந்தது. அந்த வீட்டுக்காரி ஓரடி முன்னால் வைத்தாள். நின்றாள்.

அந்த அமைதியில், வரிசையின் மறுகோடியிலிருந்து, அரிசி கொட்டுகிற அதே சத்தம் மெல்லக் கேட்டது.